ஏஜென்ட் எந்த வாசல் வழியாக வருகிறது? அம்பத்தூர், ஆவடி வட்டாரச் சர்வர்களை முன்வைத்து ஓர் ஆய்வு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இன்று இரண்டு விதமான சர்வர் அறைகள் அக்கம்பக்கமாக இருக்கின்றன. ஒரு பக்கம் டேட்டா சென்டர்கள். என்டிடி, கன்ட்ரோல்எஸ் இரண்டுக்கும் இங்கே பெரிய வளாகங்கள் உண்டு. ரிலையன்ஸ், புரூக்ஃபீல்டு, டிஜிட்டல் ரியால்டி ஆகியவை கூட்டாக நடத்தும் டிஜிட்டல் கனெக்ஷன் நிறுவனம் 2024 ஜனவரியில் அம்பத்தூரில் தன் முதல் மையத்தைத் திறந்தது. பத்து ஏக்கர் நிலம். முதற்கட்டம் 20 மெகாவாட், முழுதாக வளர்ந்தால் 100 மெகாவாட். மறுபக்கம், 1960-களிலிருந்து இந்தப் பேட்டையை வாழவைத்துவரும் லேத் பட்டறைகள், வாகன உதிரிபாகத் தொழிற்கூடங்கள், பிரஸ் ஷாப்கள். அவற்றின் அக்கவுண்ட்ஸ் அறை மூலையிலோ மாடிப்படிக்குக் கீழோ ஒன்றிரண்டு சர்வர்கள் ஓடிக்கொண்டிருக்கும். டேலி, ஈஆர்பி, சிஎன்சி இயந்திரங்களின் புரோகிராம்கள், வாடிக்கையாளர் அனுப்பிய வரைபடங்கள் எல்லாம் அவற்றில்தான்.

இரண்டு அறைகளுக்கும் ஒரே கவலை. டிஸ்க் நிறைகிறதா, மெமரி போதுமா, பேக்கப் நேற்றிரவு ஓடியதா, யாராவது தெரியாத ஆள் உள்ளே நுழைந்தாரா? இதைப் பார்த்துச் சொல்ல ஒவ்வொரு கணினியிலும் ஒரு சிறு மென்பொருள் உட்கார வேண்டும். அதுதான் கண்காணிப்பு ஏஜென்ட். எந்த ஏஜென்ட் நல்லது என்று நம் சிஸ்டம் அட்மின்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். ஜாபிக்ஸா, புரோமிதியஸா, வாசூவா, அல்லது நம் சென்னையில் பிறந்த ஆப்மேனேஜரா என்று விவாதம் நடக்கும். அந்த ஏஜென்ட் எந்த வழியாக உள்ளே வருகிறது, யார் கையொப்பத்தோடு வருகிறது, நாளை அதை மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற பேச்சுக்கு அதில் கால்வாசி நேரம்கூடக் கிடைப்பதில்லை. கடந்த சில ஆண்டுகளில் உலகம் பார்த்த பெரிய முடக்கங்களையும் ஊடுருவல்களையும் எடுத்துப் பார்த்தால், பல இடங்களில் சறுக்கல் இந்த இரண்டாவது கேள்வியில்தான் நேர்ந்திருக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரை எந்த ஏஜென்ட் என்பதை விட்டுவிட்டு, அது வரும் வழியை மட்டும் ஆராய்கிறது.

ஏஜென்ட் இல்லாமலும் ஆகாதா?

ஓரளவு ஆகும். 1988-இல் வந்த எஸ்என்எம்பி நெறிமுறை இன்றும் சுவிட்ச், ரூட்டர், யுபிஎஸ் போன்றவற்றைக் கண்காணிக்கப் போதுமானது. சென்னைக்கு இதில் ஒரு பரம்பரையே உண்டு. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் முதலில் செய்ததே வலையமைப்பு மேலாண்மைக்கான எஸ்என்எம்பி கருவிகள்தான். 2002-இல் மேனேஜ்எஞ்சின் பிரிவு வந்தது. 2009-இல் நிறுவனத்தின் பெயர் ஜோஹோ ஆயிற்று. ஆனால் சர்வருக்குள் எந்த புராசஸ் மெமரியை விழுங்குகிறது, எந்தக் கோப்பு மாற்றப்பட்டது, லாகில் என்ன எழுதப்பட்டது என்பதையெல்லாம் வெளியே நின்று பார்க்க முடியாது. உள்ளே ஆள் வேண்டும்.

சட்டமும் இந்தப் பக்கமே தள்ளுகிறது. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, சைபர் சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. எல்லாக் கணினி லாகுகளையும் 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. கடிகாரங்களை என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு பொருத்தச் சொல்கிறது. சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு இது 2022 செப்டம்பர் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அம்பத்தூரில் முப்பது பேர் வேலை செய்யும் தொழிற்கூடத்துக்கும் இது பொருந்தும். ஆறு மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டுமென்றால், அதற்கு முன் அந்தச் சம்பவம் கண்ணில் பட வேண்டும். ஏஜென்ட் இல்லாமல் அது நடக்காது.

பேக்கேஜ் மேனேஜர் தருவது என்ன

லினக்ஸில் மென்பொருளை நிறுவ, மேம்படுத்த, நீக்க முறையான வழியாக இருப்பது பேக்கேஜ் மேனேஜர். டெபியன், உபுண்டு குடும்பத்தில் ஆப்ட். ரெட் ஹாட் குடும்பத்தில் முன்பு யம், இப்போது டிஎன்எஃப். மென்பொருளை இறக்கித் தருவது அதன் வேலையில் ஒரு சிறு பங்குதான். எந்தக் கணினியில் எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பு இருக்கிறது, அதிலிருந்து வந்த கோப்புகள் எவை, அவை பிறகு மாற்றப்பட்டனவா என்று ஒரு பதிவேட்டையும் அது வைத்திருக்கிறது. ஆடிட்டர் வந்து கேட்டால் ஒரு கட்டளையில் பதில் சொல்லலாம். ஒரு பாதுகாப்பு ஓட்டை அறிவிக்கப்பட்ட அன்று, நம்மிடம் எத்தனை கணினியில் அந்தப் பதிப்பு என்று எண்ணிவிடலாம். வெளியிலிருந்து ஒரு பைனரியை இறக்கி ஏதோ ஒரு கோப்புறையில் போட்டு ஓடவிட்டால் இந்தப் பதிவேட்டில் அது இருக்காது. போட்டவர் வேலையை விட்டுப் போனதும் அந்த ஏஜென்ட் அநாதை.

அடுத்தது கையொப்பம். இதில் நம் அட்மின்களில் பலருக்குத் தெரியாத ஒரு நுட்பம் இருக்கிறது. ஆர்பிஎம் முறையில் ஒவ்வொரு பேக்கேஜும் தனித்தனியே கையொப்பமிடப்படுகிறது. டெபியன் முறையில் கையொப்பம், பேக்கேஜ்களை வைத்திருக்கும் களஞ்சியமான ரெப்போவின் அட்டவணைக் கோப்புக்குத்தான். அந்த அட்டவணையில் ஒவ்வொரு பேக்கேஜின் ஹாஷ் மதிப்பும் இருப்பதால், ஆப்ட் வழியாக வரும்போது சங்கிலி அறுபடாமல் சரிபார்க்கப்படுகிறது. அதே பேக்கேஜை இணையதளத்திலிருந்து கையால் இறக்கி, பென்டிரைவில் எடுத்துப் போய், டிபிகேஜி கட்டளையால் நிறுவினால் இயல்பான அமைப்பில் எந்தக் கையொப்பமும் சரிபார்க்கப்படுவதில்லை. “பேக்கேஜ்தானே, பாதுகாப்பாகத்தான் இருக்கும்” என்ற நம்பிக்கை அங்கே வெறும் நம்பிக்கை. ஆகவே பேக்கேஜ் வடிவம் மட்டும் போதாது. ரெப்போ வழியாக வர வேண்டும்.

பாதைகள்

ஏஜென்ட் வரும் பாதைகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசையாகப் பார்க்கலாம்.

மிக எளிது, ஒரு வரி ஸ்கிரிப்ட். தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் ஒரு வரியைக் காப்பி செய்து, ரூட் அதிகாரத்தில் ஒட்டினால் போதும். பெரும்பாலான வணிக ஏஜென்ட்கள் இதையே முதல் வழியாகக் காட்டுகின்றன. அந்த ஸ்கிரிப்டுகளில் பல, உள்ளே ரெப்போவைச் சேர்த்து முறையாகத்தான் பேக்கேஜை நிறுவுகின்றன. அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று ஓட்டிய ஸ்கிரிப்டும் இன்று ஓட்டும் ஸ்கிரிப்டும் ஒன்றா என்று யாருக்கும் தெரியாது. இருபது கணினிகளில் வெவ்வேறு நாளில் ஓட்டினால் வெவ்வேறு பதிப்புகள் உட்காரும். சில ஸ்கிரிப்டுகள் தானாகப் புதுப்பிக்கும் வேலையையும் கேட்காமல் பொருத்திவிட்டுப் போகும். ஒரே ஒரு சோதனைக் கணினிக்கு இது சரி. அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது, டிஸ்ட்ரோ (டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வெளியீடு) தரும் பேக்கேஜ். புரோமிதியஸின் நோட் எக்ஸ்போர்ட்டர் டெபியனிலும் உபுண்டுவிலும் அவற்றின் சொந்த ரெப்போவிலேயே கிடைக்கிறது. ஏற்கெனவே நம்பியிருக்கும் கையொப்பமே போதும். புதிதாக யாரையும் நம்பத் தேவையில்லை. பதிப்பு பழையதாக இருக்கும் என்பதுதான் குறை. டிஸ்க்கும் மெமரியும் பார்க்கப் பழைய பதிப்பு போதாதா? என் கணிப்பில் அம்பத்தூரின் பெரும்பாலான சிறு நிறுவனங்களுக்கு இதுவே போதும். “லேட்டஸ்ட் வேண்டும்” என்ற வழக்கமான ஆசையைக் கண்காணிப்பு ஏஜென்ட் விஷயத்தில் அடக்கிக்கொள்வது நல்லது. 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு வைத்த பின்வாசலை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமானதைக் கவனித்ததிலிருந்து தொடங்கிய தேடல் அது. டெபியனின் சோதனைக் கிளைகளில் இருந்தவர்கள் அந்தப் பதிப்பைப் பெற்றிருந்தார்கள். நிலையான வெளியீட்டில் பழைய பதிப்போடு இருந்தவர்களை அது தொடவே இல்லை.

மூன்றாவது, தயாரிப்பாளரின் ரெப்போ. ஜாபிக்ஸும் வாசூவும் தங்கள் ரெப்போக்களை வைத்திருக்கின்றன. புதிய பதிப்பு உடனே கிடைக்கும். தயாரிப்பாளரின் ஆதரவும் இருக்கும். ஆனால் ஒரு ரெப்போவைச் சேர்ப்பதன் பொருள் என்ன என்று யோசித்துப் பார்க்க வேண்டும். பேக்கேஜுக்குள் இருக்கும் நிறுவல் ஸ்கிரிப்டுகள் ரூட் அதிகாரத்தோடு ஓடுகின்றன. ஆக, ரெப்போவைச் சேர்த்த நாளிலிருந்து ஒவ்வொரு அப்டேட்டின்போதும் அந்த நிறுவனத்துக்கு நம் சர்வரில் ரூட் உரிமை உண்டு. அதோடு, அந்த ரெப்போவில் நாளை யாராவது ஓபன்எஸ்எஸ்எல் என்ற பெயரில் பெரிய எண்ணோடு ஒரு பேக்கேஜை வைத்தால், ஆப்ட் அதையும் புதிய பதிப்பு என்றே எடுத்துக்கொள்ளும். இதைத் தடுக்க, அந்த ரெப்போவின் கையொப்பச் சாவி அந்த ரெப்போவுக்கு மட்டும் செல்லுபடியாகும்படி கட்டுவது ஒரு படி. பழைய ஆப்ட்-கீ முறை கைவிடப்பட்டதன் காரணமே, அது சேர்த்த சாவி எல்லா ரெப்போக்களுக்கும் செல்லுபடியானதுதான். அதற்குமேல், இந்த ரெப்போவிலிருந்து இன்ன பெயருள்ள பேக்கேஜ் மட்டும்தான் வரலாம் என்று பின்னிங் எழுதுவது இரண்டாவது படி. நடைமுறையில் முதல் படியையாவது காண முடிகிறது. இரண்டாவதைக் காண்பது அரிது.

பெயர் மோதலும் உண்டு. ரெட் ஹாட் குடும்பத்தில் இபெல் என்ற கூடுதல் ரெப்போ பல இடங்களில் சேர்க்கப்பட்டிருக்கும். அதிலும் ஜாபிக்ஸ் என்ற பெயரில் பேக்கேஜ்கள் இருப்பதால், அங்கே அதை விலக்கி வைக்கும்படி ஜாபிக்ஸின் கையேடே சொல்கிறது. செய்யாதவர்கள் ஒரு நாள் வேறு பதிப்பு ஏஜென்டோடு விழிப்பார்கள். பதிப்பு ஒழுங்கு முக்கியம்: ஜாபிக்ஸில் சர்வரைவிடப் பழைய ஏஜென்ட் ஓடும், சர்வரைவிடப் புதிய ஏஜென்டுக்கு உத்தரவாதம் இல்லை. வாசூவிலும் மேனேஜர் எனப்படும் மையச் சர்வரை ஏஜென்ட் முந்தக் கூடாது. அதனால்தான் வாசூ கையேடு, நிறுவி முடித்ததும் ரெப்போவையே முடக்கிவைக்கச் சொல்கிறது. ஒரு தயாரிப்பாளரே தன் வாசலை மூடிவைக்கச் சொல்வதைக் கவனிக்க வேண்டும். ஏஜென்டின் புதுப்பிப்பு, வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டோடு தானாக அடித்துக்கொண்டு வரக் கூடாத ஒன்று.

சாவி மாற்றமும் இந்தப் பாதையில் வரும் தலைவலி. 2023 ஜனவரியில் சர்க்கிள்சிஐ என்ற நிறுவனத்தில் நடந்த ஊடுருவலுக்குப் பிறகு, கண்காணிப்பு நிறுவனமான டேட்டாடாக் தன் பழைய ஆர்பிஎம் கையொப்பச் சாவி அங்கே சேமிக்கப்பட்டிருந்ததை அறிவித்து, அதன் மீதான நம்பிக்கையை விலக்கிக்கொள்ளச் சொன்னது. உலகெங்கும் அட்மின்கள் ஒவ்வொரு கணினியிலும் பழைய சாவியை நீக்க வேண்டியிருந்தது. எந்தெந்தக் கணினியில் அந்தச் சாவி இருக்கிறது என்ற பட்டியல் உள்ளவருக்கு அது ஒரு மணி நேர வேலை. இல்லாதவருக்கு?

நான்காவது பாதை, சொந்த மிரர். தயாரிப்பாளரிடமிருந்து ஏஜென்ட் பேக்கேஜை ஒரே ஒரு கணினி இறக்குகிறது, கையொப்பத்தைச் சரிபார்க்கிறது, நம் சொந்தச் சாவியால் கையொப்பமிட்ட ஒரு சிறு ரெப்போவில் வைக்கிறது. மற்றக் கணினிகள் எல்லாம் இதனிடமிருந்து மட்டும் எடுத்துக்கொள்கின்றன. ஆப்ட்லி, ரெப்ரெப்ரோ, கிரியேட்ரெப்போ போன்ற கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முழு டெபியன் மிரருக்கு நூற்றுக்கணக்கான ஜிபி வேண்டும். ஏஜென்ட் மட்டும் என்றால் சில பத்து எம்பி. பழைய டெஸ்க்டாப் ஒன்று போதும். முப்பது கணினிகளும் ஒரே ஃபைலைத் தனித்தனியே இணையத்திலிருந்து இறக்கும் வீணும் தவிர்க்கப்படும். இதன் உண்மையான பயன், எந்தப் பதிப்பு எப்போது யாருக்குப் போகும் என்ற முடிவு நம் கைக்கு வருவதில் இருக்கிறது. இதன் அருமையை இரண்டு நாள்களின் நிகழ்வுகள் சொல்லும்.

2023 மார்ச் 8, 2024 ஜூலை 19

2023 மார்ச் 8, இந்திய நேரம் காலை 11.33. உலகின் பெரிய கண்காணிப்பு நிறுவனங்களில் ஒன்றான டேட்டாடாக்கின் சொந்தச் சேவையே விழுந்தது. காரணம், உபுண்டு 22.04-இல் தானாக வந்த ஒரு சிஸ்டம்டி பாதுகாப்பு அப்டேட். அப்டேட் முடிந்ததும் வலையமைப்பைக் கவனிக்கும் பகுதி மறுபடி தொடங்கியது. தொடங்கும்போது தனக்குத் தெரியாத ரூட்டிங் விதிகளை அழித்துவிட்டது. அந்த விதிகள்தான் கன்டெய்னர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு சிலியம் என்ற மென்பொருள் எழுதி வைத்திருந்தவை. பல்லாயிரக்கணக்கான கணினிகள், வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு கிளவுட் நிறுவனங்களில், ஒரே ஒரு மணி நேர இடைவெளிக்குள் இணைப்பை இழந்தன. ஒரு பகுதி விழுந்தால் இன்னொரு பகுதி தாங்கும் என்று போட்ட திட்டம் பயன்படவில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது அந்தத் தானியங்கி அப்டேட் நேரம்தான்.

இந்தச் சம்பவம் பேக்கேஜ் மேனேஜருக்கு எதிரான சாட்சியம் போலத் தோன்றலாம். பேக்கேஜில் தவறில்லை. எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில், யாரும் பார்க்காமல், ஒரே அப்டேட்டை எடுத்துக்கொள்ளும்படி விட்டதில்தான் தவறு. டேட்டாடாக் பின்னர் இந்தத் தானியங்கி அப்டேட் பாதையை முடக்கியது. நம் பேட்டைச் சர்வர்களில் உபுண்டு நிறுவினால், தானாகப் பாதுகாப்பு அப்டேட் எடுக்கும் வசதி இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அதை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு பேர் பார்த்துக்கொள்ளும் சின்ன இடத்தில் தானியங்கிப் பாதுகாப்பு அப்டேட் அவசியம். ஆனால் எல்லாக் கணினிக்கும் ஒரே நாள் என்பதை மாற்ற வேண்டும். ஏஜென்டை அந்தப் பட்டியலிலிருந்து விலக்க வேண்டும்.

2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை, இந்திய நேரம் காலை 9.39. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் ஃபால்கன் பாதுகாப்பு ஏஜென்டுக்கு ஒரு சிறு விதிக் கோப்பை அனுப்பியது. புதிய விதி 21 புலங்களை எதிர்பார்த்தது. ஏஜென்ட் தந்ததோ 20. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப் போய், கெர்னலுக்குள் இருந்த ஏஜென்ட் விண்டோஸையே சாய்த்தது. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் நீலத் திரையில் நின்றுவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. இந்தியாவில் பல விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சென்னையிலும் அன்று விமானங்கள் தாமதமாயின, ரத்தாயின. வங்கித் துறை பெரும்பாலும் தப்பியது. பத்து வங்கிகளும் நிதி நிறுவனங்களும் மட்டும் சிறு பாதிப்புக்கு உள்ளானதாக ரிசர்வ் வங்கி சொன்னது.

இதில் நம் கேள்விக்கு நேராக வரும் ஒரு விவரம் இருக்கிறது. பல நிறுவனங்கள் முன்னெச்சரிக்கையாக, ஏஜென்டின் புதிய பதிப்பை எடுக்காமல் ஒரு பதிப்போ இரண்டு பதிப்போ பின்தங்கி இருக்கும்படி அமைத்திருந்தன. அவர்களும் விழுந்தார்கள். ஏனென்றால் அந்தக் கட்டுப்பாடு ஏஜென்டின் மென்பொருள் பதிப்புக்கு மட்டும்தான். அன்று வந்தது விதிக் கோப்பு. அது தனிப் பாதையில், எந்த வாசலிலும் நிற்காமல், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது. வாடிக்கையாளர் தன் கையில் இருப்பதாக நினைத்த பிடி, உண்மையில் பாதிப் பிடி. பின்னர் கிரவுட்ஸ்ட்ரைக் இந்தக் கோப்புகளையும் படிப்படியாக அனுப்பவும், எப்போது ஏற்பது என்பதை வாடிக்கையாளர் தீர்மானிக்கவும் வழி செய்தது.

ஆகவே, ஏஜென்ட் வாங்கும்போது விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியாக நான் இதைத்தான் வைப்பேன்: “இந்த ஏஜென்டுக்குள் வரும் எல்லாமே என் பேக்கேஜ் மேனேஜர் வழியாக வருமா? வராதது எது, அதை நான் நிறுத்திவைக்க முடியுமா?” பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

சொந்த மிரர் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று சொல்ல வரவில்லை. 2020-இல் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் சம்பவத்தில், ஓரியன் என்ற கண்காணிப்பு மென்பொருளின் அப்டேட்டிலேயே நஞ்சு கலந்திருந்தது. நிறுவனத்தின் சொந்தக் கையொப்பத்தோடு, சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரை அதை இறக்கிக்கொண்டார்கள். உள்ளே போன பிறகு இரண்டு வாரம் வரை சும்மா கிடந்து, பிறகுதான் வெளியே பேசியது. கையொப்பச் சோதனை அதைப் பிடிக்காது. ஒரு வாரத் தாமதமும் பிடிக்காது. அங்கே உதவியிருக்கக் கூடியது வேறு வேலி: கண்காணிப்பு மென்பொருள் வெளி உலகத்தோடு பேச முடியாதபடி ஃபயர்வாலில் கட்டுவது. ஏஜென்ட் நம் கண்காணிப்பு சர்வரோடு மட்டும் பேசட்டும். அந்த சர்வரும் பெயர் சொல்லி அனுமதித்த முகவரிகளோடு மட்டும் பேசட்டும். மையச் சர்வரையும் மறக்கக் கூடாது. அதைப் பிடித்தவருக்கு எல்லா ஏஜென்ட்களும் கிடைத்த மாதிரி. மேனேஜ்எஞ்சினின் டெஸ்க்டாப் சென்ட்ரல் என்ற கணினி நிர்வாக மென்பொருளில் இருந்த ஒரு ஓட்டை வழியாக அப்படிப்பட்ட தாக்குதல்கள் நடப்பதாக 2021 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது.

கான்ஃபிக் தனி, பேக்கேஜ் தனி

பேக்கேஜ் வந்தாயிற்று; அது எந்த சர்வரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பது கான்ஃபிக் கோப்பில் இருக்கிறது. இங்கே இரண்டு குடும்பங்களுக்கும் நடத்தை வேறு. டெபியன் குடும்பத்தில் நிறுவிய கணமே ஏஜென்ட் ஓடத் தொடங்கிவிடும். நோட் எக்ஸ்போர்ட்டர் 9100 போர்ட்டில், எல்லா முகவரிகளிலும், கடவுச்சொல் எதுவும் கேட்காமல் காது கொடுத்து உட்காரும். பொது ஐபி உள்ள கணினி என்றால், நாம் கான்ஃபிக்கைத் திருத்தும் முன்பே உலகம் பார்க்கலாம். ரெட் ஹாட் குடும்பத்தில் நாம் இயக்கச் சொன்னால்தான் ஓடும். டெபியனில் இதைத் தடுக்கும் நேர்த்தியான வழி, நிறுவும் முன் பாலிசி-ஆர்சி.டி என்ற சிறு ஸ்கிரிப்டை வைத்து, 101 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பச் செய்வது. அது இருக்கும்வரை பேக்கேஜ் நிறுவலின்போது எந்தச் சேவையும் தானாகத் தொடங்காது. கான்ஃபிக்கும் ஃபயர்வாலும் சரியான பிறகு அதை எடுத்துவிட்டு ஏஜென்டை இயக்கலாம்.

பேக்கேஜோடு வந்த கான்ஃபிக் கோப்பை நேரடியாகத் திருத்தினால், அடுத்த அப்டேட்டில் டெபியன் “உன்னுடையதா, என்னுடையதா?” என்று கேட்டு நிற்கும். யாரும் திரையில் இல்லாத தானியங்கி நிறுவலில் அந்தக் கேள்வியே ஒரு முடக்கம். நம் மாற்றங்களைத் தனிக் கோப்புறையில், தனிச் சிறு கோப்பாக வைத்தால் இந்தப் பிரச்சினை வராது. அந்தக் கோப்பையும் ஒரு சிறு பேக்கேஜாகக் கட்டி நம் மிரரில் வைத்துவிடலாம் என்பது என் விருப்பமான முறை. ஆன்சிபிள் என்ற தானியங்கிக் கருவி தெரிந்தவர்கள் அதைக் கொண்டு செய்யலாம். இரண்டில் எதுவானாலும் சரி, கையால் ஒவ்வொரு கணினியாக நுழைந்து திருத்துவது மட்டும் கூடாது.

குளோன் செய்த விர்ச்சுவல் மெஷின்களில் இன்னொரு பள்ளம். ஒரு கணினியில் ஏஜென்டை நிறுவி, பதிவு செய்து, அதையே பத்தாகப் படியெடுத்தால், பத்தும் ஒரே அடையாளத்தோடு மையச் சர்வரிடம் பேசும். டாஷ்போர்டில் ஒன்றுதான் தெரியும். படியெடுக்கும் மூலத்தில் பேக்கேஜ் இருக்கட்டும். பதிவு, முதல் பூட்டில் நடக்கட்டும்.

விண்டோஸ் பக்கம்

பேட்டையின் பெரும்பான்மைக் கணினிகள் விண்டோஸ்தான் என்பதால் இதைத் தாண்டிப் போக முடியாது. விண்டோஸுக்கும் பேக்கேஜ் மேனேஜர்கள் உண்டு. சாக்லேட்டி 2011 முதல் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் விங்கெட் 2021-இல் 1.0 ஆனது. விங்கெட் பயனர் கணக்கை மையமாக வைத்துப் பிறந்த கருவி. யாரும் லாகின் செய்யாத நேரத்தில் சிஸ்டம் கணக்கில் ஓடவைப்பது சிரமம். சாக்லேட்டி அதற்குப் பொருத்தமானது. ஆனால் அதன் பொது ரெப்போவில் பல பேக்கேஜ்கள், நிறுவும்போது தயாரிப்பாளர் தளத்திலிருந்து ஃபைலை இழுப்பவை. ஒரே இணைய முகவரிக்குப் பின்னால் முப்பது கணினிகள் ஒரே நேரத்தில் கேட்டால் பொது ரெப்போ தடுத்துவிடவும் செய்யும். நிறுவனங்கள் பொது ரெப்போவை நம்ப வேண்டாம், உள்ளே தனி ரெப்போ வையுங்கள் என்று சாக்லேட்டியே அறிவுறுத்துகிறது. லினக்ஸில் வந்த அதே முடிவுதான். சிஎன்சி இயந்திரத்தோடு பிணைந்த பழைய விண்டோஸ் கணினிகளில் ஏஜென்டே போட வேண்டாம் என்பது என் கருத்து. இயந்திரம் தந்தவரின் உத்தரவாதமும் பாதிக்கப்படலாம். அந்தப் பழைய சிஸ்டத்துக்குப் பொருந்தும் புதிய ஏஜென்டும் கிடைக்காது. தனி வலையமைப்பில் பிரித்து, வெளியிலிருந்து கண்காணிப்பதே வழி.

இணையம் எட்டாத இடங்கள்

ஆவடியின் கதை வேறு. கனரக வாகனத் தொழிற்சாலையும், போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனமான சிவிஆர்டிஇயும், 2021 அக்டோபர் 1 அன்று செயல்படத் தொடங்கிய, கவச வாகனங்கள் தயாரிக்கும் ஏவிஎன்எல் நிறுவனத்தின் தலைமையகமும் இங்கே இருக்கின்றன. பாதுகாப்புத் துறை கணினிகளில் விண்டோஸுக்குப் பதில் மாயா என்ற உபுண்டு அடிப்படையிலான இயங்குதளத்தையும், அதோடு சக்ரவ்யூ என்ற பாதுகாப்பு ஏஜென்டையும் கொண்டுவருவதாக 2023 ஆகஸ்டில் செய்தி வந்தது. அதற்கு முன்பே சென்னை சி-டாக் 2007-இல் டெபியன் அடிப்படையில் பாஸ் லினக்ஸை வெளியிட்டிருந்தது. இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஆப்ட்தான்.

இப்படி இணையத்திலிருந்து துண்டிக்கப்பட்ட வலையமைப்புகளில் சொந்த மிரரை விட்டால் வேறு பாதையே இல்லை. அங்கே ஒரு சிக்கல் கட்டாயம் வரும். டெபியனின் பாதுகாப்பு ரெப்போ அட்டவணைக்குக் காலாவதித் தேதி உண்டு. பழைய அட்டவணையைக் காட்டி ஏமாற்றுவதைத் தடுக்க வைத்த ஏற்பாடு. மிரரைச் சில நாள் புதுப்பிக்காவிட்டால் ஆப்ட் ஏற்க மறுக்கும். உடனே அந்தச் சோதனையையே அணைத்துவிடுவதுதான் பலர் செய்வது. சரியான வழி, உள்ளே கொண்டுவந்த பேக்கேஜ்களுக்கு நம் சொந்தச் சாவியால் புதிய அட்டவணை எழுதிக் கையொப்பமிடுவது.

காலாவதி என்றதும் ரெட் ஹாட் குடும்பத்தைச் சேர்ந்த சென்ட்ஓஎஸ் நினைவுக்கு வருகிறது. 2024 ஜூன் 30-உடன் சென்ட்ஓஎஸ் 7-க்கு ஆதரவு முடிந்து, அதன் மிரர் முகவரிகள் ஓய்ந்தன. பேக்கேஜ்கள் பழஞ்சரக்கு ரெப்போவுக்கு நகர்த்தப்பட்டன. அன்றிலிருந்து அத்தகைய சர்வர்களில் ஏஜென்ட் நிறுவப் போனவர்கள், ஏஜென்டின் குற்றமே இல்லாத பிழைகளைச் சந்தித்தார்கள். சொந்த மிரர் வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு அறிவிப்பு. மற்றவர்களுக்கு ஒரு நாள் வேலை.

நிறுவியது வேறு, இருப்பது வேறு

முப்பது கணினியில் நிறுவியாயிற்று என்றால், முப்பதும் பேசுகின்றனவா? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்து, மின்சாரம் நின்றது. அதுபோல ஒரு நிறுத்தத்துக்குப் பிறகு கணினிகள் ஒவ்வொன்றாக எழும்போது, ஏஜென்ட் எழாத கணினி எந்த அலர்ட்டும் அனுப்பாது. அலர்ட் வராததை “எல்லாம் நலம்” என்று எடுத்துக்கொள்வது கண்காணிப்பில் மிகப் பெரிய ஆபத்து. புரோமிதியஸில் “அப்” என்ற அளவு, ஜாபிக்ஸில் தரவு வரவில்லை என்று எழுப்பும் விதி, இரண்டும் இதற்காகவே இருக்கின்றன. அதோடு, சொத்துப் பட்டியலில் உள்ள கணினிகளையும் பேசும் ஏஜென்ட்களையும் வாரம் ஒருமுறை ஒப்பிட்டு, பேசாதவற்றைத் தேடிப் போக வேண்டும். பேக்கேஜ் மேனேஜரின் பதிவேடு பதிப்பைச் சொல்லும். உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது.

புதுப்பிப்பை அலை அலையாக விடுவது மிரர் தரும் இன்னொரு வசதி. முதலில் அட்மினின் சொந்தக் கணினி, சில நாள் கழித்து முக்கியமில்லாத இரண்டு, அதற்குப் பின் மற்றவை, கடைசியாக ஈஆர்பி சர்வர். திரும்பிப் போகும் வழியையும் முன்பே பார்த்துவைக்க வேண்டும். டிஎன்எஃப்பில் ஒரு மாற்றத்தைப் பின்வாங்கும் வசதி உண்டு. டெபியனில் பழைய பதிப்புக்கு இறங்குவது முறையாக ஆதரிக்கப்படுவதில்லை. ஆகவே பழைய பேக்கேஜ் மிரரில் இருக்கட்டும், இறங்கிப் பார்த்து ஒருமுறை சோதித்திருக்கட்டும்.

இந்த வட்டாரத்துக்கு என் தீர்ப்பு இதுதான். ஐந்து கணினிக்குக் குறைவாக இருந்தால், டிஸ்ட்ரோவின் சொந்தப் பேக்கேஜைப் போட்டு நிம்மதியாக இருக்கலாம். அதற்கு மேல் போனால் சொந்த மிரர் கட்டாயம். அதற்கு ஆகும் செலவு, ஈஆர்பி ஒரு நாள் நின்றால் வரும் இழப்பின் பக்கத்தில்கூட வராது. தானாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், அதை நிறுத்த வழி தராத ஏஜென்டை, எவ்வளவு நல்லதானாலும், வாங்காதீர்கள்.

ஆனால் சொந்த மிரர் நடத்தத் தெரிந்த ஆள் எல்லாப் பட்டறைக்கும் கிடைக்க மாட்டார். இங்கேதான் ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வரிசையாக இருக்கும் பொறியியல் கல்லூரிகளிடம் ஒரு வேண்டுகோள். கணினி அறிவியல் மாணவர்களுக்கு லினக்ஸ் லேபில் கட்டளைகளைச் சொல்லித்தருகிறீர்கள். ஒரு பேக்கேஜைக் கட்டவும், சாவி உருவாக்கிக் கையொப்பமிடவும், ஒரு சிறு ரெப்போவை ஓராண்டு பராமரிக்கவும் சொல்லித்தாருங்கள். தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கத்தோடு பேசி, சரிபார்த்த ஏஜென்ட் பேக்கேஜ்களை மட்டும் வைக்கும் ஒரு பொது மிரரை உங்கள் வளாகத்தில் நடத்துங்கள். சிறு பட்டறைகள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். மாணவர்கள் உண்மையான வேலையைக் கற்றுக்கொண்டு வெளியே வருவார்கள். அடுத்த கல்வியாண்டின் புராஜெக்ட் பட்டியலில் இதைச் சேருங்கள்.